குடிக்கூலி ஏறுவது ஏன்?

சென்ற மாதம் நம் காரியாலயத்திற்கு வந்திருந்த ஓர் அங்கத்தினர் ஒரு கேள்வி கேட்டார். அவர் குழித்தறியில் நெய்பவர். பதினொரு ஆண்டுகளாக ஒரே வாடகை வீட்டில் குடியிருந்து வருகிறார். வீட்டுக்காரர் மாதம் ரூ. 3,500 என்றிருந்த குடிக்கூலியை ரூ. 5,000 ஆக்க வேண்டும், இல்லையேல் தறிக்குழியை மூடித் தரையைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். “வீடு அதே வீடு, சுவர் அதே சுவர், ஒழுகுகிற ஓட்டைக்கூட மாற்றவில்லை. பழையதாகிப் போன ஒரு பொருளுக்கு விலை குறையத்தானே வேண்டும்? இதற்கு மட்டும் ஏன் ஏறுகிறது?” என்பது அவர் கேள்வி.

நியாயமான கேள்வி. அதற்கு அப்போதே நாலு வார்த்தைகளில் மறுமொழி சொல்லி அனுப்ப நம்மால் இயலவில்லை. வாடகை வீட்டில் தறி போட்டிருக்கும் அங்கத்தினர் பலர் இதே நிலையில் இருப்பதாலும், நிலம் வைத்திருக்கும் விவசாய அங்கத்தினருக்கும் இதில் பங்கு உண்டாதலாலும், விஷயத்தைச் சற்று விரிவாகவே இங்கு ஆராய எண்ணுகிறோம்.

முதலில், வீடு என்று நாம் ஒன்றாகச் சொல்லுவது உண்மையில் இரண்டு பொருள்கள். ஒன்று கட்டடம், மற்றொன்று அது நிற்கும் மனை. கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. நம் நண்பர் கூறியபடி அதன் மதிப்புக் குறையத்தான் செய்கிறது. ஏறுவது மனை. பழைய ஓட்டு வீட்டுக்கு வாடகை ஏறுகிறதென்றால், ஓட்டுக்கு ஏறியதாகக் கொள்ளலாகாது. ஓட்டின் கீழ் இருக்கும் மண்ணுக்கு ஏறியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

மண்ணுக்கு ஏன் ஏறுகிறது என்பதை நம் விவசாய அங்கத்தினருக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரே வாய்க்காலில் பாயும் இரண்டு வயல்கள். மண் ஒன்று, பரப்பு ஒன்று. ஆயினும் தலைமடை வயலின் குத்தகை ஒன்றாகவும் கடைமடை வயலின் குத்தகை வேறாகவும் இருக்கிறது. தலைமடைக்காரர் அதிகமாக உழைத்ததால் வந்த வேற்றுமையன்று இது. மதகு அவர் வயலுக்கு அருகில் இருக்கிறது, அவ்வளவே. நகரத்து மனைக்கும் இதுதான் கணக்கு. பேருந்து நிலையம், இரயில் நிலையம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், தொழிற்சாலை ஆகியவை நகரத்து மதகுகள். புதிதாக ஒரு மதகு திறந்தால் அதன் அண்டையிலுள்ள மனைகளுக்கெல்லாம் விலை ஏறும். மனைக்காரர் ஒரு கூடை மண்கூடக் கொட்டியிருக்க வேண்டியதில்லை.

காஞ்சிபுரத்தை எடுத்துக் கொள்ளுவோம். பட்டு நெசவுக்குப் பெயர் போன ஊர். சென்னையிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர். இவ்விரண்டுக்கும் இடையில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் இருக்கிறது. அங்கே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார்த் தொழிற்சாலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து ஒரகடம் வரையில் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. வேலைக்கு வந்த இளைஞர்கள் தங்க அறை தேடினார்கள். இப்படிப்பட்ட இடங்களில் நடப்பது யாதெனில், நான்கு இளைஞர்கள் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து ஆளுக்கு ரூ. 2,000 போட்டால் வீட்டுக்காரருக்கு ரூ. 8,000 கிடைக்கிறது. அதே வீட்டைக் கேட்கும் நெசவாளரோ, கணவன் நெய்ய மனைவி ஊடை சுற்ற, இருவர் உழைப்பும் ஒரே கூலியாக வரும் குடும்பத்தவர். அவரால் ரூ. 8,000 தர இயலுமா? வாடகையை நிர்ணயிப்பது வீட்டுக்காரரின் பேராசை மட்டும் அன்று. வாசலில் நிற்பவருள் அதிகம் தரக்கூடியவர் எவரோ, அவருடைய கைப்பணமே அதை நிர்ணயிக்கிறது. திருப்பூரில் பின்னலாடைத் தொழில் வளர்ந்தபோது வரிசை வரிசையாக லைன் வீடுகள் எழுந்ததும் இதே காரணத்தால்தான்.

நகரங்களுக்கு ஜனங்கள் வருவது நின்றபாடில்லை. 1961-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குப்படி நம் மாநிலத்தில் நூற்றுக்கு 27 பேர் நகரவாசிகள். 2011-இல் அது நூற்றுக்கு 48 பேர் ஆயிற்று. ஆள் கூடியதோடு குடும்பங்களும் பிரிந்தன. ஒரு தந்தையும் மூன்று பிள்ளைகளும் ஒரே கூடத்தில் நான்கு தறி போட்டு நெய்த வீடுகளை நாம் அறிவோம். இன்று அந்த மூன்று பிள்ளைகளுக்கும் மூன்று வீடுகள் தேவைப்படுகின்றன. ஜனத்தொகை ஒரு பங்கு ஏறினால் வீட்டின் தேவை அதற்கு மேற்பட்ட பங்கு ஏறுகிறது.

தேவை ஏறினால் பொருளை அதிகம் செய்துவிட்டால் போகிறது, விலை தணிந்துவிடும். வேட்டி துண்டு விஷயத்தில் நாம் அப்படித்தான் காண்கிறோம். வீட்டு விஷயத்தில் அது ஏன் நடப்பதில்லை? கட்டடத்தை அதிகம் செய்யலாம். மனையைச் செய்ய இயலாது. பேருந்து நிலையத்திற்குப் பக்கத்திலுள்ள ஒரு சென்ட் நிலத்தை எந்தத் தறியிலும் நெய்து எடுக்க முடியாது. மேலே மாடி கட்டலாம் என்பது உண்மையே. 2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகள், மனைப் பரப்பைப் போல் ஒன்றரை மடங்கு கட்டலாம் என்றிருந்ததைச் சாதாரணக் கட்டடங்களுக்கு இரண்டு மடங்காக உயர்த்தின. ஆனால் நம்மவருக்கு அதனால் விளைந்த நன்மை சிறிதே. குழித்தறியை மாடியில் போட முடியாது. தரை தோண்ட வேண்டும். ஜக்கார்டு பெட்டியைத் தறிக்கு மேல் ஏற்றுபவருக்குத் தாழ்வான கான்கிரீட் கூரை உதவாது, உயரம் வேண்டும். பாவு ஓட நீண்ட வெளி வேண்டும். ஆகவே நெசவாளர் தேடுவது தரைத்தள வீடு, உயர்ந்த கூரை, அகன்ற தெரு ஆகிய மூன்றும் ஒன்றாக அமைந்த வீடு. நகரம் வளர வளர இவ்வகை வீடுகளைத்தான் முதலில் இடித்து அடுக்கு வீடுகளாகக் கட்டுகிறார்கள். மற்றவர்களுக்கு வீடு கூடிக்கொண்டு வரும்போதே நெசவாளருக்கு மட்டும் வீடு குறைந்துகொண்டு வருவது இதனால்தான். வாடகை ஏற்றத்தைப் பற்றி எழுதுவோர் இந்த நுட்பத்தைக் கவனிப்பதாகத் தெரியவில்லை.

கட்டடச் செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுவோம். சிமெண்டுக்கு 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 28 என்று விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 ஆகக் குறைந்தது. வரி நீங்கலாக மூட்டை ரூ. 300 என்று வைத்துக் கொண்டால் ரூ. 84 ஆக இருந்த வரி ரூ. 54 ஆயிற்று. இரும்புக் கம்பிக்கு வரி 18 சதவீதம். மணலோ, ஆற்றில் அள்ளி அள்ளிப் பாலாறு முதலிய ஆறுகளின் படுகைகள் பள்ளமாகி, கிணறுகளில் நீர் இறங்கிய பின், எளிதில் கிடைக்காத பொருளாகிவிட்டது. 2003-இல் அரசாங்கமே மணற்குவாரிகளை எடுத்து நடத்தத் தொடங்கியது. இப்போது பெரும்பாலோர் கருங்கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டைக் கொண்டே கட்டுகிறார்கள். கொத்தனார் கூலியும் சித்தாள் கூலியும் ஏறியதைக் குறித்து நாம் வருத்தப்படவில்லை. அவர்களும் நம்மைப் போன்ற உழைப்பாளிகள். அவர்களும் வாடகை கொடுப்பவர்களே.

இனிப் பணத்தின் விலையாகிய வட்டிக்கு வருவோம். வீட்டு விலையை ஏற்றுவதில் சிமெண்டைக் காட்டிலும் வட்டிக்கே பங்கு அதிகம் என்பது நம் அபிப்பிராயம். இதனைப் போக்கியத்தைக் கொண்டு எளிதில் விளக்கலாம். தென் ஜில்லாக்களில் ஒத்தி என்பார்கள். குடியிருப்பவர் ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு மாத வாடகையின்றிக் குடியிருப்பார். காலி செய்யும்போது தொகையைத் திரும்பப் பெறுவார். மாதம் ரூ. 4,000 வாடகை பெறும் வீடு என்றால் ஆண்டுக்கு ரூ. 48,000. ஊரில் வட்டி மாதம் நூற்றுக்கு இரண்டு, அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம் நடக்கும் காலத்தில், ரூ. 2 இலட்சம் போக்கியம் கொடுத்தாலே அந்த வாடகைக்குச் சமம் ஆகிவிடும். வட்டி ஆண்டுக்கு 8 சதவீதமாக இறங்கிவிட்டால் அதே ரூ. 48,000 கிடைப்பதற்கு ரூ. 6 இலட்சம் தேவை. வீடும் வாடகையும் மாறவில்லை; போக்கியத் தொகை மட்டும் மூன்று மடங்காகிறது.

வீட்டின் கிரயமும் இவ்வாறே. குறைந்த வட்டிக்கு நீண்ட காலக் கடன் தாராளமாகக் கிடைக்கும்போது வாங்குவோரின் கையில் அதிகப் பணம் வருகிறது; மனையோ கூடுவதில்லை; எல்லோரும் அதே மனைக்குப் போட்டியிடுகிறார்கள்; விலை ஏறுகிறது. ஏழைகளுக்கு உதவட்டும் என்று குறைக்கப்பட்ட வட்டியின் நன்மையில் ஒரு பங்கு இவ்விதமாக மனை விற்பவரின் பைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஏறிய விலைக்கு வாங்கிய பிறகு வட்டியும் ஏறினால் என்ன ஆகும்? அதையும் நாம் பார்த்தோம். ரிசர்வ் வங்கி 2020 மே மாதத்தில் 4 சதவீதமாக வைத்திருந்த ரெப்போ வட்டியை 2022 மே முதல் படிப்படியாக ஏற்றி 2023 பிப்ரவரியில் 6.5 ஆக்கியது. 2019 அக்டோபர் முதல் வங்கிகளின் புதிய வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் இந்த வட்டியோடு பிணைக்கப்பட்டிருப்பதால் ஏற்றம் உடனுக்குடன் கடன்காரர் தலையில் இறங்கியது. 20 ஆண்டுக்கால ரூ. 10 இலட்சம் கடனுக்கு 7 சதவீத வட்டியில் மாதத் தவணை ரூ. 7,753, 9 சதவீதத்தில் ரூ. 8,997. மாதம் ரூ. 1,244 வித்தியாசம். பல வங்கிகள் தவணையை ஏற்றாமல் ஆண்டுகளை நீட்டிவிட்டன. தவணை மாறவில்லை என்று நிம்மதியாக இருந்த பலர், தமக்கு எத்தனை ஆண்டுகள் கூடின என்பதைப் பின்னரே அறிந்தார்கள். 2025 பிப்ரவரி முதல் ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைக்கத் தொடங்கியது. கடன் வைத்திருக்கும் அங்கத்தினர், அந்தக் குறைவு தம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வங்கியில் கேட்டுப் பார்த்துக் கொள்வது நலம்.

பத்திரச் செலவு அடுத்தது. நம் மாநிலத்தில் கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 1 சதவீதமாக இருந்தது. 2017 ஜூனில் அதை 4 ஆக்கி, வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள். 2023 ஏப்ரலில் கட்டணத்தை 2 ஆக இறக்கி, வழிகாட்டி மதிப்பைப் பழைய நிலைக்கு ஏற்றினார்கள். ஒரு கையால் தந்து மறு கையால் வாங்குவது போன்ற இந்த ஏற்பாடுகளின் முடிவில் இப்போது நூற்றுக்கு 9 ஆக நிற்கிறது. 2025 ஏப்ரல் முதல் ரூ. 10 இலட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்களின் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு உண்டு. சிறு மனை வாங்கும் அங்கத்தினர் இதனை நினைவில் வைத்தல் வேண்டும். வீட்டு வரியும் ஏறியது. 2022 ஏப்ரலில் வீட்டின் பரப்பையும் ஊரையும் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தப்பட்டது. வரி வீட்டுக்காரர் பெயரில் வந்தாலும் காலப்போக்கில் குடியிருப்பவரே அதைச் சுமக்கிறார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் இடையில் ஒரு விந்தை. 2011-ஆம் ஆண்டின் கணக்குப்படி நம் தேசத்து நகரங்களில் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வீடுகள் பூட்டிக் கிடந்தன! வீடில்லை என்று ஒரு புறம் கூக்குரல். ஆளில்லாத வீடுகள் மறு புறம். இதன் காரணத்தை அறிய வேண்டுமானால் வீட்டுக்காரரின் கணக்கையும் நாம் பார்க்க வேண்டும்.

ஒரு நகரத்தில் இரண்டு சென்ட் மனை, சென்ட் ரூ. 4 இலட்சம் வீதம் ரூ. 8 இலட்சம் என்று வைத்துக் கொள்ளுவோம். அதில் 500 சதுர அடி வீடு, சதுர அடிக்கு ரூ. 2,000 வீதம் ரூ. 10 இலட்சம். மொத்தம் ரூ. 18 இலட்சம். இதற்கு வாடகை மாதம் ரூ. 5,000 என்றால் ஆண்டுக்கு ரூ. 60,000. போட்ட முதலுக்கு நூற்றுக்கு மூன்றேகால், மூன்றரைக்குள் அடங்கும். இதில் வரியும் பழுதுபார்க்கும் செலவும் வேறு. அதே ரூ. 18 இலட்சத்தை வங்கியில் வைப்பாகப் போட்டால் இதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வட்டி வரும். பின் ஏன் வீட்டில் போடுகிறார்? மனை விலை ஏறும் என்ற நம்பிக்கையில் போடுகிறார். வாடகை அவருக்கு உபரி, ஏற்றமே வருமானம். வாடகை உபரி என்று ஆகிவிட்டால், குடி வைத்து அவர்களோடு வழக்காடுவதைவிடப் பூட்டி வைப்பதே மேல் என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள்.

வழக்கு என்ற அச்சத்திற்கு ஒரு சரித்திரம் உண்டு. யுத்த காலத்து வீட்டுப் பஞ்சத்தையொட்டி 1946-இல் சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1949-இலும் 1960-இலும் அது புதுப்பிக்கப்பட்டது. குடியிருப்பவரை நினைத்தபடி வெளியேற்றக் கூடாது, நியாய வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பவை அதன் சாரம். ஆயிரக்கணக்கான குடும்பங்களை அது காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் வழக்குகள் நீண்டன. சிலர் பழைய வாடகையிலேயே தலைமுறையாக இருந்தார்கள். அதைக் கண்ட வீட்டுக்காரர்கள் புதிதாக எவரையும் குடி வைக்கத் தயங்கினார்கள். உள்ளே இருந்தவருக்கு நிழலாக இருந்த சட்டம், வெளியே நின்றவருக்குக் கதவடைப்பாயிற்று. பின்னாளில் இன்னொரு விசித்திரமும் நேர்ந்தது. அச்சட்டம் குடியிருப்பு வீட்டுக்கு நியாய வாடகையாக மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதத்தை வகுத்திருந்தது. நாம் மேலே கண்ட ரூ. 18 இலட்சத்திற்கு அந்த விகிதத்தைப் போட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு ரூ. 1,62,000, மாதத்திற்கு ரூ. 13,500! சந்தை வாடகையைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். மனை விலை ஏறியபின், குடியிருப்பவரைக் காக்க வந்த சூத்திரத்தையே காட்டி வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றக் கேட்டு மனுச் செய்தார்கள்.

அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இதில் அரசாங்கம் வாடகையை நிர்ணயிப்பதில்லை. இரு தரப்பாரும் எழுதிக் கொள்ளும் ஒப்பந்தமே வாடகையை நிர்ணயிக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதியப்பட வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது. தகராறு வந்தது என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. பத்து மாத முன்பணம் கேட்பதும், வாய்ச்சொல்லிலேயே குடி வைப்பதும் இன்னும் ஊர் வழக்கமாக இருப்பதால் அங்கத்தினர் இதனை அறிந்திருப்பது அவசியம்.

சரி, வாடகை வேண்டாம், சொந்த வீடே வாங்கிவிடலாம் என்றால், அதே ரூ. 18 இலட்சம் வீட்டின் கணக்கைப் பார்ப்போம். கையிலிருந்து ரூ. 4 இலட்சம் போட்டு ரூ. 14 இலட்சம் கடன் வாங்கினால், எட்டரை சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 12,150. ரூ. 5,000 வாடகை தர இயலாமல் நம்மிடம் வந்தவர் ரூ. 12,150 எங்ஙனம் தருவார்? இருபது ஆண்டுகளில் கட்டும் வட்டி மட்டும் ரூ. 15 இலட்சத்தைத் தாண்டுகிறது. வாங்கிய முதலைவிட அதிகம். மனைக்கு மட்டும் பத்திரச் செலவு ரூ. 72,000 தனி. மத்திய அரசாங்கத்தின் வீட்டு வசதித் திட்டம் 2024-இல் புதுப்பிக்கப்பட்டபோது வட்டி மானியத்திற்கும் இடம் வைத்தார்கள். ரூ. 25 இலட்சம் வரையுள்ள கடனில் முதல் ரூ. 8 இலட்சத்திற்கு 4 சதவீதம். ஐந்து ஆண்டுத் தவணைகளில் ரூ. 1,80,000 வரை. நல்லதே, தகுதியுள்ளவர் விடக் கூடாது. ஆனால் பதினைந்து இலட்சம் வட்டியில் அது எத்தனை பங்கு என்பதை அவரவரே கணக்கிட்டுக் கொள்ளலாம். கிராமங்களில் மாநில அரசாங்கம் 2024-இல் தொடங்கிய கனவு இல்லத் திட்டத்தில் வீட்டுக்கு ரூ. 3,50,000 தருகிறார்கள், வீட்டின் பரப்பு 360 சதுர அடி. குடிசைவாசிக்கு அது பெரும் பேறு. தறி ஒன்று போட்டால் அதில் ஓர் அறை போய்விடும்.

கடன் வாங்கியாவது சொந்த வீடு கட்டிக் கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் ஒரே யோசனையாகச் சொல்லுவது தவறு என்பதே நம் கருத்து. வாங்குபவர் இன்றைய மனைக்கு மட்டும் விலை கொடுப்பதில்லை. நாளைக்கு ஏறும் என்று விற்பவர் நம்புகிற விலையிலும் ஒரு பங்கை இன்றே கொடுத்துவிடுகிறார். அந்த ஏற்றம் வராமற்போனால் நஷ்டம் அவருடையதே.

இந்த இடத்தில் நம் விவசாய அங்கத்தினரிடமும் சில வார்த்தைகள் பேச வேண்டியிருக்கிறது. நெசவாளர் வாங்கும் மனை பெரும்பாலும் நேற்றுவரை விவசாயியின் நிலம். ஆனால் விற்றவருக்குக் கிடைத்த விலைக்கும் வாங்கியவர் கொடுத்த விலைக்கும் இடையில் உள்ள தூரம் எவ்வளவு? ஓர் ஏக்கர், அதாவது 100 சென்ட் நிலத்தை, சென்ட் ரூ. 1 இலட்சம் வீதம் ஒரு கோடி ரூபாய்க்கு ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக் கொள்ளுவோம். மனைகளாகப் பிரிக்கும்போது சாலைக்கு 30 சென்ட் போகிறது. எஞ்சியதில் பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாக விட்டால் 7 சென்ட். விற்கத்தக்கது 63 சென்ட். ஒரு கோடியை 63-ஆல் வகுத்தால், செலவொன்றும் சேர்க்காமலே சென்ட் ரூ. 1,59,000 அடக்கம் ஆகிறது. விற்று முடிய இரண்டாண்டு ஆகும் என்று கொண்டு 12 சதவீத வட்டியைச் சேர்த்தால் ஏறத்தாழ ரூ. 1,97,000. இதுவரை நியாயமான செலவு. இதற்குமேல் சாலை போடும் செலவு, அனுமதிக் கட்டணம், தரகு, விளம்பரம், கடைசியில் இலாபம். இவற்றில் எது எவ்வளவு என்பதை வாங்குபவரிடம் எவரும் சொல்லுவதில்லை.

முன்பு பலர் சாலைக்கும் பூங்காவிற்கும் இடம் விடாமல், அனுமதியும் பெறாமல், கல் நட்டு விற்றுவிட்டார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரம் பதியத் தடை விதித்தது. சீட்டுப் பிடித்தும் நகை விற்றும் வாங்கிய சிறு மனைகளை விற்கவும் இயலாமல், அடகு வைத்துக் கடன் பெறவும் இயலாமல் எத்தனையோ பேர் தவித்தார்கள். 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் உண்டான மனைப்பிரிவுகளுக்குக் கட்டணம் பெற்று வரன்முறை செய்ய வழி பிறந்தது. ஆகவே அங்கீகாரம் பெற்ற மனையின் விலை கூடுதலாக இருப்பதில் ஒரு பங்கு சாலைக்கும் சாக்கடைக்கும் கொடுக்கும் விலை. அதில் நாம் குறை காண்பதற்கில்லை. குறை காண்பது இடைத்தூரத்தில்தான். நிலம் விற்கும் அங்கத்தினரும் மனை தேடும் அங்கத்தினரும் ஒரே சங்கத்தில் உறுப்பாக இருந்தும், இருவரும் இடையில் ஒரு மூன்றாமவரைத் தேடிப் போகிறார்கள். முப்பது நெசவாளர்கள் சேர்ந்து ஓர் ஏக்கரை நேராக வாங்கி, அனுமதி பெற்று, ஆளுக்கு இரண்டு சென்ட் எடுத்துக் கொண்டால், சென்ட் இரண்டேகால் இலட்சத்திற்குள் முடிக்கலாம் என்று நம் கணக்கு சொல்லுகிறது. தெருவைப் பாவு ஓடும் நீளத்திற்கு அமைப்பதும் அப்போது நம் கையில் இருக்கும். இடர்ப்பாடும் உண்டு. முப்பது பேரும் ஒரே காலத்தில் பணம் கட்ட வேண்டும். பாதியில் ஐவர் விலகினால் மற்றவர் சுமை ஏறும். வில்லங்கம் பாராமல் வாங்கினால் முப்பது பேரும் மூழ்குவார்கள். வருகிற பொதுக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச விரும்புவோர் முன்கூட்டியே எழுதியனுப்பக் கோருகிறோம்.

நம் நண்பரின் விஷயத்தை விட்டுவிட்டோம். அவருடைய வீட்டுக்காரரையும் வரவழைத்துப் பேசினோம். அவர் நெய்து வளர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவரே. வீட்டு வரி ஏறியதையும், பக்கத்து வீட்டுக்கு ரூ. 6,000 வருவதையும் சொன்னார். தறிக்குழியை எண்ணியே அவர் அதிகம் அஞ்சினார்: குழி இருக்கும் வீட்டை நாளை வேறு எவரும் கேட்க மாட்டார்கள் என்பது அவர் கவலை. காலி செய்யும்போது குழியை மூடித் தளம் போட்டுத் தருவது குடியிருப்பவர் பொறுப்பு என்றும், அதற்கு ஈடாக ஒரு மாத வாடகைக்குச் சமமான தொகையை மூன்று மாத முன்பணத்திற்குள்ளேயே அடக்கிக் கொள்ளுவது என்றும், வாடகை இவ்வாண்டு ரூ. 4,200, அடுத்த இரண்டாண்டுகளில் ஆண்டுக்கு ரூ. 200 வீதம் ஏறுவது என்றும், மழைக்கு முன் ஓடு மாற்றித் தருவது வீட்டுக்காரர் கடமை என்றும் மூன்றாண்டுகளுக்கு எழுதியாயிற்று. பதிவுக்கு மனுக் கொடுத்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தின் மாதிரிப் படிவம் ஒன்று நம் காரியாலயத்தில் இருக்கிறது. வேண்டுவோர் வந்து பார்த்துப் படி எடுத்துக் கொள்ளலாம்.